தன்னம்பிக்கையா, தலைக்கனமா?

பனித்தரையில் சறுக்கி ஆடும் வீரர் எம்பிக் குதித்து, அந்தரத்தில் நான்கு முறை சுழலக் கிடைக்கும் நேரம் சுமார் 0.7 விநாடிதான். கைகளை மார்போடு ஒடுக்கினால் சுழற்சி வேகம் கூடும், விரித்தால் குறையும். அந்த நொடியில் 'முடியுமா?' என்ற ஐயம் எழுந்தால், கைகள் தாமாகவே விரிந்துவிடுவதுண்டு. நான்கு சுற்று ஒன்றாகிவிடும்! ஆகவே, இங்கே தன்னம்பிக்கை ஒரு தேவை, ஆடம்பரமன்று.

தலைக்கனத்திலிருந்து அதை எப்படிப் பிரித்தறிவது? வீரர் விழுந்தபின் கவனியுங்கள். 2018இல் பியாங்சாங் ஒலிம்பிக்கில், அமெரிக்கரான நேதன் சென் முதற்சுற்றில் தடுமாறி 17ஆம் இடத்துக்கு இறங்கினார். மறுநாள், நான்கு சுற்றுத் தாவல்களை ஆறு முறை ஆடி 5ஆம் இடத்துக்கு ஏறினார். 2022இல் பெய்ஜிங்கில் தங்கம் வென்றார்.

தலைக்கனம் தரையைக் குறைகூறும். தன்னம்பிக்கை தவற்றைத் திருத்திக்கொண்டு மீண்டும் குதிக்கும்.