தாய் நாய் ஏன் எழுந்து போகிறது?

பிறந்து மூன்று, நான்கு வாரமான குட்டிகள் மடியை முட்டினால், தாய் நாய் பாதியிலேயே எழுந்து நடந்துவிடும். காம்பை விடாத ஒன்றிரண்டு இழுபட்டுக் கீழே விழும். பார்க்கக் கல்நெஞ்சமாகத் தோன்றும். ஆனால் அப்போதுதான் குட்டிகளுக்கு ஊசி முனை போலப் பால்பற்கள் முளைக்கின்றன, மடி வலிக்கிறது. மேலும், வளரும் குட்டிக்கு இனிப் பால் மட்டும் போதாது. குட்டிகள் உறிஞ்சுவது குறையக் குறையப் பால் சுரப்பதும் குறைந்து, ஏழெட்டு வாரத்தில் பெரும்பாலும் பால்குடி மறந்துவிடும்.

இடைப்பட்ட நாட்களில் என்ன சாப்பாடு? தெருவில் கவனியுங்கள். இரை தேடித் திரும்பிய தாயின் வாயோரத்தைக் குட்டிகள் விடாமல் நக்கும். அது தின்றதைக் கக்கும். குட்டிகள் பாய்ந்து தின்னும். நமக்கு அருவருப்புதான்! அவற்றுக்கோ வெதுவெதுப்பான, பாதி செரித்த முதல் திட உணவு. ஓநாய்களிடமும் உள்ள வழக்கம் இது.

வீட்டில் அந்த வேலையைக் கூழ் செய்கிறது. நாய்க்குட்டிகளுக்கான உணவை வெந்நீரில் ஊறவைத்து, மசித்து, ஆறியதும் தட்டையான தட்டில் வைக்க வேண்டும். முதல் நாள் பாதிக்குமேல் காதிலும் காலிலும்தான் போகும். நாளாக ஆகத் தண்ணீரைக் குறைக்கலாம்.

பசும்பால் மட்டும் வேண்டாம். நாய்ப்பாலைவிட அதில் லாக்டோஸ் அதிகம், கொழுப்பு பாதிக்கும் குறைவு. லாக்டோஸைச் செரிக்கும் நொதியும் பால்குடி மறக்கையில் குறைவதால், வயிற்றுப்போக்கு எளிதில் வரும்.