நோம்பிக் கணக்கும் நிதி விண்ணப்பமும்

"ஏனுங்கய்யா, எங்க டிரஸ்ட்டுக்கு யாராச்சும் நிதி குடுப்பாங்களா?"

ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த அந்தப் பெண், தோப்பு வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் நாற்பது பேருக்கு நான்கு வருடமாக மாலை வகுப்பு நடத்துகிறார். கையில் ஒரு கட்டைப்பை. சுண்டலுக்குக் கடலை வாங்கிய பில்லிலிருந்து டிரஸ்ட் பத்திரத்தின் ஜெராக்ஸ் வரை எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடந்தன. "டீயைக் குடிங்க அம்மணி, பொறுமையாச் சொல்றேன்" என்றேன். பொள்ளாச்சி, கிணத்துக்கடவு, உடுமலை என்று இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் பலர் என்பதால், அவரிடம் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

அவர் கேள்விப்பட்டு வந்தது சமூக நிதியம் பற்றி. பல பேர் கொடுக்கும் பணத்தை ஒரே இடத்தில் சேர்த்து, அந்த ஊரின் தேவை தெரிந்த ஒரு குழு வருடா வருடம் பிரித்துக் கொடுக்கும் ஏற்பாடு அது. 1914இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் காஃப் என்ற வங்கியாளர் இதைத் தொடங்கிவைத்தார். ஒருவர் உயிலில் ஏதோ ஒரு தேவைக்கென்று பணத்தைக் கட்டிப்போட்டுவிட்டுப் போவார். ஐம்பது வருடத்தில் அந்தத் தேவையே மறைந்துவிடும், பணம் மட்டும் முடங்கிக் கிடக்கும். அதை மாற்றத்தான் இந்த வழி. மும்பையில் 1991இல் பாம்பே கம்யூனிட்டி பப்ளிக் டிரஸ்ட் இதே முறையில் உருவானது. அமெரிக்காவில் வாழும் தமிழர்கள் 1974இல் தொடங்கிய தமிழ்நாடு அறக்கட்டளையும் பலர் சேர்ந்து பணம் போட்டுத் தாய்நாட்டு வேலைகளுக்கு அனுப்புகிற அமைப்புதான்.

அதே பெயரில் ஒன்று நம்மூரில் இருக்கிறதா என்று தேடிக்கொண்டு நாளைக் கடத்த வேண்டாம். நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு (சிஎஸ்ஆர்) நிதி, ஊர்ப் பங்கோடு அரசு பணம் சேர்க்கும் நமக்கு நாமே திட்டம், தொழில் குடும்பங்கள் நடத்தும் அறக்கட்டளைகள். ஊர் சேர்ந்து பணம் போடுவது கொங்கு நாட்டுக்குப் புதிதும் அல்ல. கோவையில் குளங்களையும் நொய்யல் ஆற்றையும் மீட்க 2003இல் தொழிலதிபர்களும் பொதுமக்களும் சேர்ந்து சிறுதுளியைத் தொடங்கினார்கள். அதற்கெல்லாம் எத்தனையோ தலைமுறைக்கு முன்பிருந்தே நம் கிராமங்களில் மாரியம்மன் நோம்பிக்குத் தலைக்கட்டு வரி வாங்குகிறோம். நோம்பி முடிந்ததும் கோயில் முன்னால் உட்கார்ந்து கணக்கு வாசிப்பார்கள். பந்தலுக்கு இவ்வளவு, மேளத்துக்கு இவ்வளவு, அன்னதானத்துக்கு இவ்வளவு, மீதி கையிருப்பு இவ்வளவு. காது கொடுத்துக் கேட்டவர்கள் அடுத்த வருடமும் வரியைக் கொடுக்கிறார்கள். நிதி விண்ணப்பம் என்பது அந்தக் கணக்கை முன்கூட்டியே வாசிப்பது, அவ்வளவுதான். கேட்கிறவர் கோயில் முன்னால் இல்லை, கோவையிலோ சென்னையிலோ ஓர் அலுவலகத்தில் இருக்கிறார். உங்கள் வகுப்பை அவர் பார்த்ததே இல்லை. அவருக்குத் தெரிவது உங்கள் காகிதம் மட்டும்.

ஆகவே காகிதத்திலிருந்து தொடங்குவோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவான டிரஸ்ட் பத்திரம், டிரஸ்ட் பெயரில் பான் அட்டை, டிரஸ்ட் பெயரில் வங்கிக் கணக்கு, ஆடிட் ஆன மூன்று வருட வரவு செலவு, வருமான வரித் துறையில் வரிவிலக்குக்கான 12ஏ, நன்கொடை தருபவரின் வரிச்சலுகைக்கான 80ஜி பதிவுகள், தன்னார்வ அமைப்புகளுக்கு நிதி ஆயோக் தரும் தர்ப்பண் எண். சங்கமாக இருந்தால் 1975ஆம் வருடத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பெற்ற சான்று. 12ஏ பதிவு நிரந்தரமானது என்று நினைத்துப் பலர் ஏமாந்திருக்கிறார்கள். வேலை தொடங்கும் முன்பே விண்ணப்பித்தவருக்கு முதலில் கிடைப்பது 3 வருடத்துக்கான தற்காலிகப் பதிவு. பிறகு 5 வருடம். சிறிய அமைப்புகளுக்கு இப்போது 10 வருடம் வரை. முடிவதற்கு 6 மாதம் முன்பே புதுப்பிக்க விண்ணப்பிக்க வேண்டும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்களும் மாறுகின்றன. எல்லோரும் இன்னும் பழைய எண்ணையே சொல்வார்கள். எழுதும்போது ஆடிட்டரிடம் கேட்டுப் புதிய எண்ணையும் சேர்த்து எழுதிவிடுங்கள்.

நான் முதன்முதலில் எழுதிக்கொடுத்த விண்ணப்பம் திரும்பி வந்ததற்குக் காரணம் ஒரே ஒரு சொல். பத்திரத்தில் "அறக்கட்டளை" என்றும் பான் அட்டையில் "டிரஸ்ட்" என்றும் இருந்தது. இரண்டும் ஒன்றுதானே என்று நமக்குத் தோன்றும். பணம் அனுப்புகிறவரின் கணினிக்கு அவை இரண்டு அமைப்புகள். அதைத் திருத்தி முடிப்பதற்குள் அந்த வருட நிதி போய்விட்டது. அந்த வருடம் நோட்டுப் புத்தகம் கிடைக்காத பிள்ளைகளை நினைத்தால் இன்றைக்கும் மனம் பொறுக்கவில்லை. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று இன்று ராத்திரியே பாருங்கள்.

அடுத்தது, யாரிடம் கேட்பது. 2013ஆம் வருடக் கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, நிகர மதிப்பு 500 கோடி, அல்லது விற்றுமுதல் 1,000 கோடி, அல்லது நிகர லாபம் 5 கோடி எட்டிய கம்பெனி தன் மூன்று வருடச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. பெரிய பெயர்களை மட்டும் நினைத்துக்கொண்டிருக்காதீர்கள். 5 கோடி லாபம் என்ற அளவுகோலுக்குள் கோவை வட்டாரத்து மில்லும் பம்ப் கம்பெனியும் பவுண்டரியும் வரக்கூடும். தாங்கள் இயங்குகிற பகுதிக்கு முன்னுரிமை கொடுக்க வேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. அந்த வரி உங்களுக்காகவே எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2021 ஏப்ரல் முதல், இந்தப் பணத்தைப் பெற நினைக்கும் அமைப்பு சிஎஸ்ஆர்-1 படிவத்தில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். உங்களைப் போன்ற தனி டிரஸ்ட் என்றால் அதே மாதிரி வேலையில் 3 வருட அனுபவமும் வேண்டும். உங்களுக்கு நான்கு ஆகிவிட்டது. கம்பெனியின் போர்டு வருடத்துக்கான திட்டத்துக்கு ஒப்புதல் தருவதற்கு முன்பே போய்ப் பேச வேண்டும். பிப்ரவரியில் ஓடினால் எல்லாம் பிரித்துக் கொடுத்த பிறகு போய் நிற்பீர்கள்.

இனி விண்ணப்பம். அந்தப் பெண் எழுதி வைத்திருந்த தாளில் "கிராமப்புற மாணவர்களின் ஒட்டுமொத்த மேம்பாட்டுக்கு ரூ. 5 லட்சம்" என்று இருந்தது. அதை ஓரமாக வைத்துவிட்டு, அதன் பின்பக்கத்திலேயே இரண்டு பேரும் கணக்குப் போட்டோம். சொல்லிக்கொடுப்பவர் இருவர், மாதம் 6,000 வீதம் 10 மாதம்: 1,20,000. சுண்டல், 40 பிள்ளைகளுக்குத் தலைக்கு 10 ரூபாய் வீதம் 200 நாள்: 80,000. நோட்டு, சாக்பீஸ், விளக்கு: 20,000. கணக்கு எழுதவும் ஆடிட்டுக்கும்: 15,000. ஆக 2,35,000. இதில் 35,000 ஊரில் திரட்டிக்கொள்கிறோம், 2 லட்சம் கேட்கிறோம். "அஞ்சு லட்சம்னு கேட்டாத்தான் ரெண்டாவது வரும்னாங்களே" என்றார். வேண்டாம். எப்படி வந்தது என்று சொல்ல முடியாத தொகையைக் கண்டால் வாசிப்பவர் மற்ற எண்களையும் நம்ப மாட்டார்.

கணக்கு எழுதுபவர் கூலியை அவர் முதலில் விட்டுவிட்டார். நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அந்த 5 சதவீத வரம்பு கம்பெனி தன் சிஎஸ்ஆர் பிரிவை நடத்துவதற்கு ஆகும் பொதுச் செலவுக்கு. ஒரு குறிப்பிட்ட திட்டத்தைச் செய்யவும் கண்காணிக்கவும் ஆகும் நேரடிச் செலவு அதில் சேராது. இது தெரியாமல் சம்பளம் வாங்காமலேயே உழைத்து ஓய்ந்துபோன நல்ல மனிதர்களை எனக்குத் தெரியும். வேலை செய்பவருக்குக் கூலி கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பலன் என்ன என்று கேட்கும் கட்டத்தில் பெரிய சொற்களை எழுதாதீர்கள். ஜூன் மாதம் ஒவ்வொரு பிள்ளையையும் ஒரு தமிழ்ப் பத்தி வாசிக்கச் சொல்லுங்கள். தடங்கல் இல்லாமல் வாசித்தவர் எத்தனை பேர் என்று தேதியோடு குறித்து வையுங்கள். மார்ச்சில் அதே மாதிரி இன்னொரு முறை. இரண்டு எண்கள் போதும்.

வகுப்புக்குச் சொந்தமாக ஓர் அறை கட்ட வேண்டும் என்றார். அதற்கு நமக்கு நாமே திட்டம் பொருந்துமா என்று பார்க்கலாம். ஊர்ப் பங்காகப் பொதுவாக மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்காவது சேர வேண்டும். கட்டிடம் பொதுச் சொத்தாகவே இருக்கும் என்பதையும் ஊராருக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெளிநாட்டுப் பணம் இப்போதைக்கு வேண்டாம். அதற்கு எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு வேண்டும். 3 வருடமாவது இயங்கி, கடைசி மூன்று வருடத்தில் 15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். பணமும் டெல்லி ஸ்டேட் வங்கிக் கிளைக்குத்தான் முதலில் வந்து சேர வேண்டும். உங்கள் அளவுக்கு அது இன்னும் தூரம்.

கிளம்பும்போது, கட்டைப்பையில் இருந்த காகிதங்களை வருட வாரியாக மூன்று ஃபைலாகப் பிரித்துக் கட்டிக் கொடுத்தேன். நிதி கிடைக்கிறதோ இல்லையோ, மார்ச் 31க்குக் கணக்கை முடித்ததும் அதை ஒரே தாளில் தமிழில் எழுதி உங்கள் வகுப்புக் கதவில் ஒட்டுங்கள் அம்மணி. பிள்ளைகளைப் பெற்றவர்கள்தான் அதை முதலில் படிக்க வேண்டியவர்கள்.