டோல்கேட் வெயிலில் ஆக்சோலாட்டில்!

எந்நேரமும் சிரிக்கிற முகம், கழுத்தோரம் இறகு போன்ற செவுள்கள். பார்த்ததும் வாங்கத் தோன்றும். ஆனால் மெக்சிகோவின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைச் சேர்ந்த ஆக்சோலாட்டிலுக்கு 16 முதல் 18 டிகிரி தண்ணீர்தான் சுகம். 24-ஐத் தாண்டினால் சாப்பாட்டைத் தொடாமல் நோயில் விழும். டோல்கேட்டில் மார்கழித் தண்ணீரே அவ்வளவு குளிராதே! ஃபேன் போதாது, இரவும் பகலும் ஓடும் சில்லர் வேண்டும். கரன்ட் போனால்? ஐஸ் பாட்டிலைத் தொட்டியில் மிதக்கவிட்டுச் சமாளிக்கலாம், சில மணி நேரத்துக்கு.

குஞ்சு பொரிக்க வைப்பது இன்னும் பாடு. ஒரே தடவையில் நூற்றுக்கணக்கில் முட்டை. குஞ்சுகள் பசியில் ஒன்றன் காலை மற்றொன்று கடிக்கும். கால் திரும்ப முளைத்துவிடும் என்பது வேறு கதை. வனவிலங்குச் சட்டத்தின் 2022 திருத்தப்படி வளர்ப்பவர் அரசிடம் பதிவு செய்ய வேண்டும். பரிவேஷ் இணையதளத்தில் அதற்கு வசதி உண்டு. குஞ்சு பிறந்தாலும் தெரிவிக்க வேண்டும். கடைக்காரரிடம் விலைக்கு முன் அந்தக் காகிதத்தைக் கேளுங்கள்.