வீல்சேர்ல வந்த டாக்டர்!

சாவு வீட்டுல விடிய விடிய கானா பாடுற ஏரியா நம்ம புளியந்தோப்பு. கண்ணுல தண்ணி, கையில தாளம். வெளியூர் ஃப்ரெண்ட்ஸ் பார்த்தா, 'என்னப்பா இது?'ன்னு முழிப்பாங்க. துக்கமும் சந்தோஷமும் ஒரே பந்தல்ல உட்காரும்னு நமக்குத் தெரியும். கிறிஸ்தவ நம்பிக்கை சொல்றதும் இதுக்கு ரொம்ப தூரமில்லை.

பைபிள்ல பிலிப்பியருக்கு எழுதின கடிதம் இருக்கு. நாலே அதிகாரம். திரும்பத் திரும்ப வர்ற விஷயம், சந்தோஷம். ஆனா, அதை எழுதினப்போ பவுல் இருந்தது ஜெயில்ல!

'பிரசங்கம் வேணாம் பாஸ், நிஜ வாழ்க்கையில நடக்குமா?'ன்னு கேக்குறீங்களா? பேசின் பிரிட்ஜ் தாண்டி அரக்கோணம் பக்கம் போற ரயில்ல ஏறுங்க. சுமார் 130 கிலோமீட்டர்ல காட்பாடி. அதை ஒட்டி வேலூர் சி.எம்.சி. அங்கே இருந்தவர்தான் டாக்டர் மேரி வர்கீஸ்.

ஒரே நாள்ல எல்லாம் போச்சு

கேரளாவுல, கொச்சி பக்கத்துல பிறந்தவர். வேலூர்ல படிச்சு டாக்டரானவர். 1954 ஜனவரி 30. நண்பர்களோடு போன வண்டி உருண்டது. முகத்தில் பலத்த காயம். முதுகுத்தண்டு அடிபட்டதால் இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. அப்போ அவருக்கு வயசு 28. அவரால இனி நிற்கவே முடியாது!

அப்போதான் டாக்டர் பால் பிராண்ட் ஒரு வழி காட்டினார். தொழுநோயாளிகளின் கை ஆபரேஷனில் பேர் வாங்கிய சர்ஜன் அவர். கை ஆபரேஷனை உட்கார்ந்துகிட்டே செய்யலாமே? நரம்பு கெட்டு மடங்கிப்போன விரல்களுக்கு, நல்லா வேலை செய்யற இன்னொரு தசையோட தசைநாரை மாத்திப் பொருத்துற சிகிச்சை அது. நம்ம இன்ஜினீயரிங் பாஷையில சொன்னா, அறுந்த லைனுக்கு மாற்று லைன் இழுக்கிற வேலை.

மேரி வீல்சேர்ல இருந்தே ஆபரேஷன் செய்தார். ஊரே ஒதுக்கின நோயாளிகளுக்கு, தங்களை மாதிரியே உடம்பால அடிபட்ட ஒரு டாக்டர்! பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படிச்சுட்டு வேலூருக்கே திரும்பினார். 1966-ல் அங்கே மறுவாழ்வு மையம் திறக்கப்பட்டது. தன்னைப்போல முதுகுத்தண்டு அடிபட்டவங்க மறுபடி வாழக் கத்துக்கிற இடம். 1972-ல் பத்மஸ்ரீ. 1986-ல் மறைந்தார். கால் கடைசி வரை திரும்பலை.

அப்போ கஷ்டம் நல்லதா?

இல்லவே இல்லை. வலி வலிதான். பைபிளும் அதை மூடி மறைக்கலை. 150 சங்கீதங்கள்ல நிறைய, கடவுள்கிட்டயே சண்டை போடற புலம்பல்கள். 88-ம் சங்கீதம் இருட்டுலயே முடியுது. பெரிய வெள்ளிக்கும் ஈஸ்டருக்கும் நடுவுல ஒரு சனிக்கிழமை இருக்கு. அழுதுட்டுக் காத்திருந்த நாள் அது.

அதனால, அப்பாவை இழந்த ஃப்ரெண்ட்கிட்ட போய், 'எல்லாம் நன்மைக்கே மச்சி'ன்னு மட்டும் சொல்லிடாதீங்க. பக்கத்துல உட்காருங்க. டீ வாங்கிக் கொடுங்க. அழ விடுங்க.

சிரிப்பு வேற, சந்தோஷம் வேற. நமக்கு நடக்கிற நல்லதைப் பொறுத்தது சிரிப்பு. நம்ம காயம் இன்னொருத்தருக்கு மருந்தாகும்போது உள்ளே ஊறுது பாருங்க, கிறிஸ்தவம் பேசற சந்தோஷம் அதுதான். சிலுவையில அடிபட்டவரை நம்பற மதம் வேற எப்படிப் பேசும்?

அரியர், பிளேஸ்மென்ட்ல ரிஜெக்ட், வீட்டுல கடன்னு உங்களுக்கும் ஏதோ ஒண்ணு வலிக்கலாம். நீங்க எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, கும்பிடாட்டியும் சரி... 'எனக்கு ஏன் இப்படி?'ன்னு கேளுங்க, தப்பேயில்லை. கேட்டு முடிச்சதும், 'இதே வலியில இன்னும் யார் இருக்கா?'ன்னு ஒரு தடவை சுத்திப் பாருங்க. உங்க பெஞ்சுலயே ஒருத்தர் இருப்பார்!