வலி நின்றால் பல் சுகமா?

இரண்டு இரவு நித்திரையில்லாத கொடுப்புப் பல் வலி. கராம்பு வைத்தும் பனடோல் போட்டும் சமாளிக்கிறோம். மூன்றாம் நாள் வலி தானாக நின்றுவிடுகிறது. "அப்பாடா, சுகம்" என்று பல் வைத்தியரிடம் போவதையும் விட்டுவிடுகிறோம். நம்மவர் பலர் பல்லைப் பறிகொடுப்பது இந்த இடத்தில்தான்.

பல்லின் வெளி ஓடு எனாமல். உடம்பிலேயே கடினமான பொருள் அதுதான். ஆனால் சூத்தை குடைந்தால் திரும்ப வளராது. அதற்குள் டென்ரீன். நடுவே நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான பல்கூழ். வேரின் நுனியிலுள்ள சின்னஞ்சிறு துவாரத்தால்தான் இவை உள்ளே வருகின்றன. சூத்தை பல்கூழை எட்டினால் அது வீங்கும். விரலில் அடிபட்டால் தோல் இடம் கொடுக்கும். பல்லுக்குள் வீங்க இடமேது? அந்த அழுத்தமே வலி. குளிர்நீர் பட்டு ஓரிரு விநாடி கூசினால் ஒரு நிரப்பலோடு முடியலாம். சூடான தேநீருக்கு வலித்து நெடுநேரம் நின்றால், இரவில் தானாக எழுப்பினால், பல்கூழ் பிழைப்பது அரிது.

பிறகு வலி நிற்பது நரம்பு செத்துவிட்டதால். கிருமிகள் சாகவில்லை, வேர் நுனியால் தாடை எலும்புக்குள் இறங்கிச் சீழ் கட்டும். இரத்த ஓட்டம் நின்ற வேருக்குள் அன்ரிபயோரிக் குளிசையும் போய்ச் சேராது.

ரூட் கனால் என்பது அந்த வேரைத் துப்புரவாக்குவதுதான். விறைப்பு ஊசி போட்டு, மேலே சிறு துளையிட்டு, மெல்லிய அரங்களால் கால்வாய்களைச் சுரண்டிக் கழுவி, கட்டாபேர்ச்சா என்னும் இறப்பர் போன்ற பொருளால் அடைப்பார்கள். (மலாயாப் பக்கத்து மரமொன்றின் பால் அது!) முன்பல்லுக்குப் பெரும்பாலும் ஒரு கால்வாய். கொடுப்புப் பல்லுக்கு மூன்று, நான்கு. அதனால் நேரம் எடுக்கும். பின்பல் என்றால் உடையாதிருக்க மேலே ஒரு கிரவுணும் தேவைப்படும்.

"செலவு ஏன், பிடுங்கிவிடலாம்" என்பார்கள். இங்கிலாந்தில் என்.எச்.எஸ். கணக்கில் பிடுங்குவதும் ரூட் கனாலும் ஒரே கட்டணப் பிரிவுதான். 2025 ஏப்ரலில் அது 75.30 பவுண். கிரவுணும் சேர்ந்தால் மொத்தம் 326.70. என்.எச்.எஸ். வைத்தியர் கிடைப்பதுதான் பெரும்பாடு.

முகம் வீங்கிக் கண்ணுக்கோ கழுத்துக்கோ பரவினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமானால், பல் வைத்தியருக்குக் காத்திராமல் உடனே ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள்.