வாழவந்தி நாடு காட்டும் பொருளாதாரம்

‘நாடு’ என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் தோன்றுவது தேசப்படமே ஆகும். ஆனால் கொல்லிமலையில் அச்சொல்லுக்கு வேறொரு பொருள் உண்டு. நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் இம்மலையில் வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு, தின்னனூர் நாடு, குண்டூர் நாடு, சேலூர் நாடு எனப் பல நாடுகள் உள்ளன. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சென்றால், மலையின் தலைமையிடமான செம்மேட்டை அடைகிறோம். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் விழா எடுக்கும் அவ்வூர் வாழவந்தி நாட்டைச் சேர்ந்தது.

இன்று இப்பெயர்கள் ஊராட்சிகளுக்கு வழங்குகின்றன. ஆயினும் ஊராட்சிச் சட்டங்கள் தோன்றுவதற்கு முன்பே நாடுகள் இருந்தன. சில ஊர்கள், அவற்றின் வயல்கள், மேட்டுக் கொல்லைகள், ஊற்றுகள், மேய்ச்சல் நிலம், கோயில், கோயிலைச் சுற்றிய காடு ஆகிய யாவும் சேர்ந்ததே ஒரு நாடு. மலையாளிகள் எனப்படும் இப்பழங்குடி மக்கள் ஊருக்கு ஒரு தலைவரையும் நாட்டுக்கு ஒரு தலைவரையும் வைத்துத் தம் வழக்குகளைத் தாமே தீர்த்து வந்தனர். ஒரு வட்டாரத்தின் பொருளாதாரத்தை நீர், மண், காடு இவற்றின் அமைப்பையொட்டி வகுக்க இயலுமா என்ற கேள்விக்கு இந்த நாட்டமைப்பு நல்லதொரு பாடம் என்பதே இக்கட்டுரையின் கருத்தாகும்.

நீர் வகுத்த எல்லை

மேலைநாடுகளில் இக்கருத்து 1970-களில் வலுப்பெற்றது. அமெரிக்காவைச் சேர்ந்த பீட்டர் பெர்க், ரேமண்ட் டாஸ்மன் ஆகியோர், மனிதன் தாளில் வரைந்த எல்லைகளைவிட ஆற்றுப்படுகையும் மண்ணும் தாவரமும் வகுக்கும் எல்லைகளே வாழ்க்கைக்கு உகந்தவை என்றனர். தமிழர்க்கு இது முற்றிலும் புதிதன்று. நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் உரிய உணவையும் தொழிலையும் கருப்பொருளாக வைத்தது நம் திணை மரபு. அது கவிதைக்கு வகுத்த இலக்கணமே எனினும், நிலத்திற்கேற்ற தொழில் என்னும் எண்ணம் அதில் தெளிவாக உள்ளது.

கொல்லிமலையின் நீரோட்டத்தைப் பாருங்கள். மலையின் ஓடைகள் கூடி அய்யாறாகி, வளப்பூர் நாட்டில் அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை அருவியாக வீழ்கின்றன. அந்நீர் திருச்சிராப்பள்ளி மாவட்டத்துப் புளியஞ்சோலையில் இறங்கி, இறுதியில் காவிரியில் கலக்கிறது. வடபுறம் பிறக்கும் சுவேத நதியோ சேலம் மாவட்டத்தின் வழியே வெள்ளாற்றை நோக்கிச் செல்கிறது. ஆகவே மலை ஒன்று. அதன் நீரைப் பருகும் மாவட்டங்களோ மூன்று. மேலே ஒரு சோலை அழிந்தால் கீழே ஓடையின் ஓட்டம் குறையும். ஆனால் மேலே முடிவெடுப்போரும் கீழே இழப்பை ஏற்போரும் ஓரிடத்தில் அமர்ந்து பேசுவதற்கு நிலையான மன்றம் எதுவும் இல்லை. அய்யாற்றின் ஓடைகளை மறித்து 20 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் புனல்மின் திட்டம் வகுக்கப்பட்டபோது எழுந்த அச்சங்களுக்கும் இதுவே அடிப்படை. மின்சாரம் வேண்டாம் என்பார் எவருமில்லை. அருவிக்கு எவ்வளவு, வயலுக்கு எவ்வளவு, மின்நிலையத்திற்கு எவ்வளவு என்பதை அந்நீரை நம்பி வாழ்வோர் அனைவரும் கூடி முடிவு செய்ய வேண்டும் என்பதே கேள்வி.

சாமையும் மரவள்ளியும்

முன்னாளில் மலைமக்களின் முதன்மை உணவு சிறுதானியமே. பள்ளத்து வயல்களில் நெல்லும், மேட்டு நிலங்களில் சாமை, தினை, கேழ்வரகு, பனிவரகு ஆகியனவும் விளைந்தன. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, திரிகுலச் சாமை, பெருஞ்சாமை எனப் பல வகைகள். ஒரு வகை மழை தவறினால் தாங்கும். மற்றொன்று நீண்ட நாள் நின்று மிகுதியாக விளையும். பல வகை வைத்திருப்பது அன்றைய உழவனின் காப்பீடு.

1970-களுக்குப் பின் நிலைமை மாறியது. சேலம், நாமக்கல் பகுதிகளில் பெருகிய ஜவ்வரிசி ஆலைகளுக்கு மரவள்ளிக் கிழங்கு தேவைப்பட்டது. சாலை வந்தது, லாரி வந்தது, கிழங்கு காசானது. நியாயவிலைக் கடை அரிசியும் கிடைத்தபோது சாமை விதைக்க வேண்டிய கட்டாயம் குறைந்தது. இதற்காக மலைமக்களைக் குறை கூறுவது நியாயமன்று. பிள்ளைகளைப் படிக்க வைக்கவும் மருத்துவம் பார்க்கவும் ரொக்கப் பணம் வேண்டும். அதைச் சாமை தரவில்லை, மரவள்ளி தந்தது.

ஆனால் அதற்குக் கொடுத்த விலையையும் கணக்கிட வேண்டும். கிழங்கைப் பறிக்கும்போது சரிவு நிலத்தின் மண் புரண்டு இளகுகிறது. அடுத்த மழையில் அடித்துச் செல்லப்படுகிறது. பத்து மாதப் பயிருக்கு ஒரே விற்பனை, ஒரே விலை. அவ்விலையும் மலையில் முடிவாவதில்லை. கீழே ஆலைகளின் சந்தையில் முடிவாகிறது. மாவும் ஜவ்வரிசியும் ஆகும் இலாபம் கீழே தங்கிவிட, மலைக்குக் கிடைப்பது கிழங்கின் விலை மட்டுமே.

உரல் சொன்ன செய்தி

சாமை மறைந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பொருளாதார நூல்களில் அது பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. சாமையின் உமி எளிதில் நீங்காது. உரலில் இட்டு நெடுநேரம் குத்த வேண்டும். அந்த உழைப்பு முழுவதும் பெண்களுடையது. அரிசி கிடைத்ததும் உலக்கையை வைத்துவிட்டதில் வியப்பென்ன?

சென்னையில் 1988-இல் நிறுவப்பட்ட எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களில் இம்மலையில் பணி தொடங்கியபோது இவ்வுண்மையைக் கண்டுகொண்டது. ‘பாரம்பரிய விதையைக் காப்பாற்றுங்கள்’ என்று அறிவுரை கூறினால் மட்டும் போதாது. எனவே உமி நீக்கும் சிறு இயந்திரங்கள் ஊர்களில் அமைக்கப்பட்டு, குழுக்களின் பொறுப்பில் விடப்பட்டன. ஊர் விதை வங்கிகளும் தோன்றின. விதை வாங்கிச் சென்றவர் அறுவடைக்குப்பின் கூடுதல் அளவோடு திருப்பித் தருவார். விதை ‘தொம்பை’ என்னும் பழைய வகைக் குதிரில் சேமிக்கப்பட்டது. சிறுதானிய அரிசியும் மாவும் மலையிலேயே பக்குவம் செய்து விற்கப்பட்டன.

மரவள்ளி மறைந்துவிடவில்லை, இன்றும் மிகுதியாகவே விளைகிறது. எனினும் இம்முயற்சி ஓர் உண்மையைக் காட்டியது. அவ்வியந்திரத்தை ஒரு குடும்பம் தனியே வாங்க இயலாது. அதற்காக ஒரு பெரிய ஆலையும் தேவையில்லை. சில ஊர்கள் கூடினால் போதும். நாடு என்னும் பழைய அளவு புதிய இயந்திரத்திற்கும் பொருந்தியது!

இருவகைச் செல்வம்

தஞ்சையில் 1892-இல் பிறந்த ஜே. சி. குமரப்பா செல்வத்தை இருவகையாகப் பிரித்தார். நிலக்கரி, தாது போன்றவை தேக்கி வைத்த செல்வம். எடுக்க எடுக்கக் குறையும். விளைச்சல், நீரோட்டம், முறையாகப் பேணும் காடு ஆகியவை ஓடும் செல்வம்; ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படும். நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய நூல் 1945-இல் வெளிவந்தது.

இந்த அளவுகோலைக் கொல்லிமலையில் வைத்துப் பார்க்கலாம். இங்கே வெட்டியெடுத்த பாக்சைட் தாது மேட்டூர் அலுமினிய ஆலைக்குச் சென்றது. எடுத்த இடத்தில் அது மீண்டும் விளையாது. சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகோ மரம் நிற்கும்வரை காய்க்கும். காபியும் பலாவும் அவ்வாறே. மரத்தை வெட்டாமல் வருவாய் தரும் பயிர் காட்டுக்கும் காவல், வீட்டுக்கும் காவல்.

பொதுச்சொத்துக்கு விதி வேண்டும்

பொதுவில் விட்ட சொத்து பேராசையால் அழியும் என்று 1968-இல் காரட் ஹார்டின் எழுதினார். மக்கள் தாமே எல்லை வகுத்து, விதி செய்து, கண்காணித்து, மீறியவரைத் தண்டித்தால் பொதுச்சொத்து நெடுங்காலம் நிலைக்கும் என்று எலினார் ஆஸ்ட்ரம் பல நாட்டு ஆய்வுகளால் நிறுவி, 2009-இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். கொல்லிமலையின் கோயில் காடுகளே இதற்குச் சான்று. காவலரும் வேலியும் இன்றி, ஊரின் கட்டுப்பாட்டால் அவை நின்றன.

ஆயினும் பழைய முறையை அப்படியே திரும்பக் கொணர வேண்டும் என்பது நம் வாதமன்று. பழைய பஞ்சாயத்துகளில் முடிவு செய்தோர் ஆண்களே. இன்றோ தமிழ்நாட்டின் உள்ளாட்சிகளில் சரிபாதி இடங்கள் பெண்களுக்கு உரியவை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகள் இல்லாமையால், பழங்குடிப் பகுதி ஊராட்சிகளுக்கான 1996-ஆம் ஆண்டுச் சட்டம் இங்குச் செல்லாது. ஆனால் 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் செல்லும். ஊர் மரபாகப் பயன்படுத்திய காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராம சபைக்கு அது உரிமை தருகிறது. உரலின் துன்பத்தை அறிந்த பெண்கள் அச்சபையில் பேசினால்தான் காட்டுக்கும் விதைக்கும் சரியான விதி பிறக்கும்.

முடிவாக

தன்னிறைவு என்பது கதவை அடைத்துக்கொள்வதன்று. உப்பும் துணியும் மருந்தும் கீழிருந்து வரவே செய்யும். மிளகும் சாமையும் கீழே செல்லவே செய்யும். ஆனால் விளைபொருள் மலையிலேயே பக்குவமாகிக் கூடுதல் மதிப்போடு இறங்க வேண்டும். நாட்டின் வரவு செலவில் ரூபாயோடு மண்ணும் ஊற்றும் விதை வகையும் கணக்கில் ஏற வேண்டும். மேல்மலையாரும் கீழ்நாட்டாரும் ஒரே நீரின் பங்காளிகளாகக் கூடிப் பேச வேண்டும்.

நம் கல்லூரி நண்பர்கள் பலர் விடுமுறையில் ஆகாய கங்கைக்குச் சென்று நீராடி வருகின்றனர். அடுத்த முறை செல்லும்போது, இந்நீர் எந்தெந்த நாட்டின் வயலைத் தாண்டி வருகிறது, இனி எவர் கிணற்றை நிரப்பப் போகிறது என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். பொருளியல் வகுப்பில் நாம் படிக்கத் தவறிய பாடத்தின் முதல் வரி அதுவாகவே இருக்கும்.