மலைப்பாதையின் ஒழுங்கு ஊருக்குள் ஏன் இறங்கவில்லை?

திருப்பதியில் மலைக்குப் போய்வருவது எளிது. ஊருக்குள் போய்வருவதுதான் பாடு. திருமலையில் பெரும்பாலான நாட்களில் அறுபதாயிரம் முதல் எண்பதாயிரம் பேர் தரிசனம் செய்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் திருப்பதி மாநகராட்சியின் மக்கள்தொகையே ஏறத்தாழ 2,87,000தான். ஊர்க்காரர் நான்கு பேருக்கு ஒருவர் என்ற கணக்கில் தினமும் வெளியூர்க் கூட்டம் வந்து இறங்குகிறது. நடந்து ஏறுபவர்கள், கார் வைத்திருப்பவர்கள் போக மற்றவர்களை ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பஸ்கள் பெரிய சிக்கல் இல்லாமல் ஏற்றி இறக்குகின்றன. அடுத்தடுத்து பஸ் கிளம்புகிறது, நின்றுகொண்டு பயணம் செய்ய இடமில்லை, போகவர ஒரே டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். ஆனால் அதே ஊரில் ரூயா மருத்துவமனைக்கோ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்துக்கோ போக நினைப்பவர் பெரும்பாலும் ஷேர் ஆட்டோவைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. அது ஆள் நிரம்பினால்தான் நகரும்.

கோயிலில் பணம் கொழிக்கிறது, அதனால் பஸ்ஸும் ஓடுகிறது என்பார்கள். பாதி உண்மை. மீதிக் காரணம் சாலையில் இருக்கிறது. 1944இல் முதல் மலைப்பாதை திறக்கப்படும்வரை படி வழியும் டோலியும்தான். 1970களில் இரண்டாவது பாதை வந்தபின் புதியது ஏறுவதற்கு, பழையது இறங்குவதற்கு என்று பிரித்தார்கள். ஆட்டோவுக்கு அனுமதியில்லை. சோதனைச்சாவடியில் கொடுக்கும் சீட்டில் நேரம் பதிவாகும். ஏற 28 நிமிடம், இறங்க 40 நிமிடம். அதற்கு முன்பே வந்து சேர்ந்தால் அபராதம். சேஷாசல மலையைக் குடைந்து சாலையை இஷ்டத்துக்கு அகலப்படுத்த முடியாது என்பதால், இருக்கிற சாலையை யார், எப்படிப் பயன்படுத்துவது என்று யோசிக்கும் கட்டாயம் வந்தது. 2022 செப்டம்பரில் மின்சார பஸ்கள் ஓடத் தொடங்கியபோதும் முதலிடம் இந்தத் தடத்துக்குத்தான்.

கீழே வந்தால் யோசனை தலைகீழாகிவிடுகிறது. நெரிசலா, மேம்பாலம் கட்டு. திருச்சானூர் பக்கமிருந்து மலையடிவாரத்து அலிபிரிப் பக்கம் போகும் சீனிவாச சேது மேம்பாலம், பல நூறு கோடி ரூபாய் செலவில், தேவஸ்தானத்தின் பங்கும் சேர்ந்து, 2023 செப்டம்பரில் முழுமையாகத் திறக்கப்பட்டது. வெளியூர்க் கார்களுக்கு நல்ல வசதி. பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்குக் காத்திருப்பவருக்கு அதனால் ஒரு பஸ்கூடக் கூடுதலாக வரவில்லை.

மலைக்கு ஒரே வாசல். ஊருக்கு நூறு திசை, அந்த ஒழுங்கு இங்கே எப்படி எடுபடும் என்று கேட்கலாம். கேள்வி நியாயம்தான். ஆனால் திருப்பதியின் அமைப்பைப் பாருங்கள். வடக்கே மலை, தெற்கே சுவர்ணமுகி. இடையில் கிழக்கு மேற்காக நீண்டு கிடக்கிற ஊர். திருச்சானூர், பஸ் ஸ்டாண்ட், ரயில் நிலையம், கபில தீர்த்தம், அலிபிரி என்று போக்குவரத்தின் பெரும்பகுதி ஒரு பட்டைக்குள் அடங்கிவிடுகிறது. நல்ல பஸ் தடம் போட இதைவிட வசதியான ஊர் அபூர்வம். சமவெளியில் சாலையைக் கட்டுப்படுத்தவே முடியாது என்பதும் சரியல்ல. நகரின் மையத்துக்குள் நெரிசல் நேரத்தில் கார் நுழையத் தனி உரிமச் சீட்டு வேண்டும் என்று சிங்கப்பூர் 1975லேயே விதி போட்டது. பஸ்ஸுக்கு அந்தச் சீட்டு தேவைப்படவில்லை. அங்கே மலையும் இல்லை, ஏழுமலையானும் இல்லை.

ஷேர் ஆட்டோக்காரர்களின் பிழைப்பு என்னாவது என்பது கனமான கேள்வி. பஸ் வராத காலனிகளுக்கெல்லாம் இத்தனை நாளாகப் போய்க்கொண்டிருப்பவர்கள் அவர்கள்தான். ஆனால் அவர்கள் மொய்ப்பது காலனிகளில் அல்ல, பயணிகள் தாமாகவே நிரம்பும் பிரதான சாலையில். அந்தத் தடத்தை பஸ் எடுத்துக்கொண்டு, காலனிகளிலிருந்து பஸ் நிறுத்தம்வரையான ஓட்டத்தை நிலையான கட்டணத்துடன் அவர்களுக்கு ஒதுக்கினால் இருவருக்கும் வேலை இருக்கும். பஸ் போகாத இடத்துக்கு பஸ் சலுகையும் போய்ச் சேராது. 2025 ஆகஸ்ட் 15 முதல் ஆந்திரத்தில் பல்லெவெலுகு எனும் கிராமப்புற பஸ்கள், எக்ஸ்பிரஸ், நகர பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. பஸ்ஸே வராத தெருவில் நிற்கிற பெண்ணுக்கு இந்தச் சலுகையால் என்ன லாபம்? ஆட்டோவுக்குத் தினமும் கொடுக்கும் காசு அப்படியே போய்க்கொண்டிருக்கும்.

பிரதான சாலையில் பஸ்ஸுக்குத் தனித் தடம் ஒதுக்கப் புதிதாக நிலம் எடுக்க வேண்டியதில்லை. நேரே அலிபிரி போகும் வண்டிகள் பாலத்தில் ஏறிவிட்டதால், கீழேயுள்ள சாலையின் பாரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. அந்த இடத்தைக் கார் நிறுத்தமும் தள்ளுவண்டிகளும் முழுசாக நிரப்புவதற்குள், பக்கத்துக்கு ஒரு தடத்தை பஸ்ஸுக்கு மட்டும் என்று கோடு போட்டுப் பிரித்துவிட முடியும்.